அக்கா, அடிக்கலாமா?

பாதுகாவல் வேலைக்குப் புதிதாகச் சேரும் பையன்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் என்னிடம் இதைக் கேட்டுவிடுவார்கள். துணிச்சல்காரர்கள் சேர்ந்த வாரத்திலேயே கேட்பார்கள். கூச்ச சுபாவமுள்ளவர்கள், யாரிடமாவது நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு கேட்பார்கள். நான் சின்ன வயதில் சிலம்பம் கற்றவள், அப்புறம் ஜூடோ பாயில் பல வருடம் புரண்டவள் என்பது எங்கள் கட்டுப்பாட்டு அறையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அப்படிப்பட்டவள் வாயிலிருந்து "போடு" என்று வந்துவிடாதா என்று ஒரு நப்பாசை.

வராது. சிங்கப்பூரில் தனியார் பாதுகாவல் அதிகாரிக்குக் காவல்துறை கொடுக்கும் உரிமம் உண்டு, காவல்துறையின் அதிகாரம் கிடையாது. துப்பாக்கியோடு நிற்கும் செர்ட்டிஸ், ஏட்டோஸ் நிறுவனங்களின் துணைக் காவல்படையினரைப் பார்த்துவிட்டு நாமும் அதே ரகம் என்று பையன்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பேரங்காடியிலும் கூட்டுரிமை வீடுகளிலும் நிற்கும் எங்களிடம் இருப்பது ஒரு வாக்கி டாக்கி, ஒரு டார்ச், ஒரு நோட்டுப் புத்தகம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவுப்படி, ஆணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, பிணையில் விட முடியாத குற்றம் ஒன்று கண்ணெதிரே நடந்தால் பொதுமக்களில் யார் வேண்டுமானாலும் ஆளைப் பிடிக்கலாம். பிடித்தவுடன் தாமதிக்காமல் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். இது எங்களுக்கென்று எழுதியதல்ல. கீழ்த்தளத்தில் தே தாரிக் டீ இழுக்கிறாரே, அவருக்கும் அதே உரிமைதான். திட்டினான், செருப்பைக் காட்டினான் என்பதற்காக ஒருவனைப் பிடித்து உட்கார வைக்க முடியாது.

தற்காப்பு உரிமை இருக்கிறது. தண்டனைச் சட்டத்தில் 96ஆம் பிரிவிலிருந்து தொடங்கும். அதற்கும் எல்லை உண்டு: ஆபத்து இருக்கும்வரைதான், தேவையான அளவுக்குத்தான். இந்தச் சட்டமே 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பார்த்து, சிங்கப்பூரும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்காக 1871இல் எழுதியது. தமிழ்நாட்டில் வக்கீலாக இருக்கும் என் மாமா இதை வைத்து என்னைச் சீண்டுவார்: "நாங்க 2024ல புதுச் சட்டத்துக்கு மாறிட்டோம், நீங்கதான் இன்னும் எங்க பழசை வெச்சுக்கிட்டு இருக்கீங்க."

சரி, அடிக்கவே கூடாது என்றால் இத்தனை வருடம் கற்றதெல்லாம் எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். அதற்குத்தான் இந்தப் பதிவு. எனக்குத் தெரிந்தவரை இந்த வேலையில் தற்காப்புக் கலை தருவது ஒரே ஒரு விஷயம், அவசரப்படாமல் இருக்கக் கிடைக்கும் அந்த அரை விநாடி. எதிரில் ஒருவன் கையை ஓங்கும்போது பயிற்சியில்லாதவர் ஏதாவது செய்துவிடுவார்: பதிலுக்குத் தள்ளுவார், கத்துவார், கையைப் பிடிப்பார். பயிற்சியுள்ளவர் ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். அந்தச் சலுகையைச் சம்பாதிக்க வருடக்கணக்கில் அடி வாங்க வேண்டியிருக்கிறது.

எனக்குக் கம்பைக் கொடுத்தவர் அப்பா. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். ஈசூனில் எங்கள் புளோக்குக்குப் பின்னால் இருந்த திடலில் சாயங்காலம் நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார். கொடுத்தார் என்று சொல்கிறேனே தவிர, வெகுகாலம் கம்பைத் தொடவே விடவில்லை. காலடி, காலடி, மறுபடியும் காலடி. முன்கால் எங்கே, பின்கால் எங்கே, நேராக வருபவனுக்கு நேராக நிற்காமல் எப்படி ஒதுங்குவது, அவனைச் சுற்றி எப்படி நடப்பது. பக்கத்து புளோக் பையன்கள் இது என்ன நடனமா என்று சிரித்தபோது எனக்கும் அழுகை வந்தது. கம்பு கைக்கு வந்தபிறகும், அது நெற்றி உயரம் இருந்ததால், எதிராளிக்கும் எனக்கும் நடுவில் எப்போதும் ஒரு தூரம் இருந்தது. அந்தத் தூரத்துக்குள் யார் முதலில் கால் வைக்கிறார்கள் என்பதுதான் மொத்த ஆட்டமும்.

இன்று நான் வேலையில் பயன்படுத்துவது அதைத்தான். அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1960களில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொள்ளும் இடைவெளியை அளந்து எழுதினார். அவர் கணக்கில் சுமார் ஒன்றரை அடியிலிருந்து நாலடி வரை ஒருவருடைய தனிப்பட்ட வட்டம். கோபத்தில் இருப்பவருக்கு அந்த வட்டம் இன்னும் பெரிதாகிவிடும் என்பது என் அனுபவம். எனவே பேசப் போகும்போது இரண்டு கை நீளம் தள்ளி, உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி நிற்கிறேன். நேருக்கு நேர் மார்பைக் காட்டி நின்றால் அது சவால். ஒருக்களித்து நின்றால் இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்து ஒரு பிரச்சினையைப் பேசுவதுபோல் ஆகிவிடும். அப்படி நிற்கும்போது அவர் பாய்ந்தாலும் எனக்கு ஒதுங்க இடம் இருக்கிறது. பாதுகாப்பும் மரியாதையும் ஒரே நிலையில் கிடைப்பது இந்த வேலையில் அபூர்வம், அதனால் இதைச் சொல்லிக் கொடுக்காமல் யாரையும் போஸ்டுக்கு அனுப்புவதில்லை.

கத்தி என்றால் கதை வேறு. அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி காவலர் டென்னிஸ் டூலர் 1983இல் எழுதிய ஒரு கணக்கு உலகம் முழுக்கக் காவல் பயிற்சிகளில் சொல்லப்படுகிறது: கத்தியோடு ஒருவன் 21 அடி தூரத்தை ஏறக்குறைய ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவான். இடுப்பில் துப்பாக்கி வைத்திருக்கும் காவலருக்கே அது போதாத நேரம். வாக்கி டாக்கி வைத்திருக்கும் நமக்கு? யூடியூபில் கத்தியைத் தட்டிப் பறிக்கும் வாத்தியார்களை ரசித்துப் பார்க்கும் பையன்களிடம் ஒரு மார்க்கர் பேனாவைக் கொடுத்து என்னைக் குத்தச் சொல்வேன். நானும் தடுத்துப் பார்ப்பேன். ஆட்டம் முடிந்ததும் என் வெள்ளைச் சட்டையில் எத்தனை கோடு என்று அவர்களையே எண்ணச் சொல்வேன். அதற்குப் பிறகு கத்தி என்றால் தூரம், கதவு, காவல்துறையின் 999 என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

தற்காப்புக் கலையால் இந்த வேலையில் கெடுதலும் உண்டு. யாரும் அதைப் பேசுவதில்லை. பயிற்சி உடம்பில் ஏறிவிட்டால் நிலையும் தானாக வந்துவிடும். எங்களோடு முவே தாய் என்ற தாய்லாந்துக் குத்துச்சண்டை கற்ற ஒரு பையன் இருந்தான், தங்கமான பிள்ளை. யாராவது குரலை உயர்த்தினால் போதும், அவனறியாமல் தாடை இறங்கும், இரண்டு முட்டியும் கன்னத்துக்கு வரும். எதிரில் இருப்பவர் அதுவரை வெறும் வாயால் கத்திக்கொண்டிருந்தவர். அந்த முட்டிகளைப் பார்த்தவுடன் அவருக்கும் வேறு வழி இல்லாமல் போய்விடும். சுற்றியிருக்கும் கைப்பேசிகளில் பதிவாவது சீருடை போட்டவன் குத்துச்சண்டைக்கு நிற்கும் காட்சி மட்டும்தான். முன்னால் நடந்த பத்து நிமிட வசவு எந்தக் காணொளியிலும் இருக்காது.

அவனுக்கு நிலையை மறக்கச் சொல்லவில்லை, சொன்னாலும் உடம்பு மறக்காது. முட்டியைப் பிரித்து விரிக்கச் சொன்னேன். கை அதே உயரத்தில், உள்ளங்கை வெளியே தெரியும்படி, "பொறுங்க பொறுங்க" என்று கெஞ்சுவதுபோல. முகத்தைக் காக்கும் வேலையை அந்தக் கையும் செய்யும். பார்ப்பவருக்கும் கேமராவுக்கும் அது சமாதானம். நம்மவர்கள் பேசும்போது எப்படியும் கையை ஆட்டித்தானே பேசுகிறோம், யாருக்கும் வித்தியாசமாகவே தெரியாது.

ஒரு சனிக்கிழமை இரவைப் பற்றிச் சொல்கிறேன். பேரங்காடியின் உணவு நிலையத்தில் கூட்டம் வடியும் நேரம். உணவு விநியோகம் செய்யும் மலாய்ப் பையன் ஒருவன் பையை முதுகில் மாட்டிக்கொண்டு திரும்பியபோது, பின்னால் உட்கார்ந்திருந்தவரின் பீர் கிளாஸ் கவிழ்ந்துவிட்டது. அவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க தமிழர், ஏற்கெனவே நிறையக் குடித்திருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் பையனின் ஹெல்மெட் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார், பையன் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். என்னோடு வந்தவர் மலேசியாவின் ஜோகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வரும் தம்பி. விடியற்காலையில் எழுந்து குடிநுழைவு வரிசையில் நின்றுவிட்டு வருபவர் என்பதால் சாதாரணமாகவே பொறுமை அதிகம்.

பிடித்த கையை விலக்கத்தான் முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது, ஜூடோவில் பிடி விடுவிப்பது எனக்குக் கைவந்த வேலை. ஆனால் தொட்டால் மூன்று பேர் சண்டையாகிவிடும். அதனால் நடந்தேன். பையனின் பக்கத்திலிருந்து வளைந்து சுற்றி, அந்த மனிதர் என்னைப் பார்க்க வேண்டுமென்றால் பையனுக்கு முதுகைக் காட்ட வேண்டிய இடத்துக்குப் போனேன். அப்பா சொல்லிக் கொடுத்த அதே காலடிதான். அங்கே நின்றுகொண்டு தமிழில் கூப்பிட்டேன்.

"அண்ணே, சட்டை எல்லாம் நனைஞ்சு போச்சே. என்னண்ணே ஆச்சு?"

தலை திரும்பியது. தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் பிடி தளரும். வார் கையிலிருந்து நழுவியது அவருக்கே தெரிந்திருக்காது.

"நீ யாரு? ஜாகா தானே நீ?"

"ஆமாண்ணே, ஜாகாதான். சொல்லுங்க."

இந்த இடத்தில் ஒரு பக்கக் குறிப்பு. அந்தக் காலத்தில் வங்கி வாசலிலும் கிடங்கு வாசலிலும் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்துக் காவல் காத்த சீக்கியர்களை இங்கே ஜாகா என்றுதான் சொல்வார்கள். இன்று அது வசவு. பையன்களுக்கு இதைக் கேட்டால் ரத்தம் கொதிக்கும். எனக்கு ஒரு காலத்தில் கொதித்தது. பாயில் நம்மைவிட இருபது கிலோ அதிகமுள்ளவர்கள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து பழகியபிறகு, ஒரு சொல் நெஞ்சில் உட்காருவது பெரிய பாரமாகத் தெரிவதில்லை.

அதற்குள் ஜோகூர்த் தம்பி பையனை நாலு மேசை தள்ளிக் கொண்டுபோய்விட்டார், ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியாத தூண் மறைவுக்கு. நான் நடப்பதை எல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன். "அந்தத் தம்பியை நாங்க அனுப்பிடலண்ணே, அங்கேதான் உட்கார வெச்சிருக்கோம். உங்களுக்கு டிஷ்யூ எடுத்துட்டு வராங்க. அந்தக் கடைக்காரர்கிட்ட பேசிட்டு வரச் சொல்லியிருக்கேன்."

உரக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2013 டிசம்பர் 8ஆம் தேதி இரவு ரேஸ் கோர்ஸ் சாலையில் நடந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். சக்திவேல் குமாரவேலு என்ற கட்டுமான ஊழியர் பேருந்தின் அடியில் சிக்கி இறந்தார், லிட்டில் இந்தியாவில் கலவரம் மூண்டது. விசாரணைக் குழு பிறகு சொன்ன காரணங்களில் மதுவும் இருந்தது, அதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். 2015 ஏப்ரலில் இரவு பத்தரைக்கு மேல் பொது இடங்களில் குடிக்கத் தடை வந்தது அதனால்தான். ஆனால் அந்தக் குழு இன்னொன்றும் சொன்னது. அடியில் கிடந்தவரை விட்டுவிட்டு ஓட்டுநரையும், பேருந்தில் ஆட்களை ஏற்றிவிடும் நேரக்காப்பாளரையும் காப்பாற்றுவதிலேயே அதிகாரிகள் குறியாக இருக்கிறார்கள் என்று கூட்டத்தில் பலர் தவறாகப் புரிந்துகொண்டார்கள். மீட்புப் பணியாளர்கள் செய்ததற்குக் காரணம் இருந்தது. அது சுற்றி நின்றவர்களுக்குத் தெரியவில்லை. அதைப் படித்ததிலிருந்து, சின்னச் சண்டையானாலும் நான் என்ன செய்கிறேன் என்பதைச் சுற்றியிருப்பவர்கள் காதில் விழும்படி சொல்வது என் பழக்கம். முடிந்தால் இரண்டு மொழியில்.

உணவு நிலையத்துக்கு வருகிறேன். "அமைதியாக இருங்கள்" என்று நான் சொல்லவே இல்லை. அந்த வாக்கியத்தைக் கேட்டு அமைதியானவர் ஒருவரையும் இதுவரை பார்த்ததில்லை. "இங்கேயே உட்கார்ந்து பேசலாமா, வெளியே காத்தாட நின்னு பேசலாமா?" என்று கேட்டேன். இரண்டில் எது என்றாலும் எனக்குச் சம்மதம், ஆனால் தேர்ந்தெடுத்தவர் அவர். உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்து அடிக்க வேண்டுமானால் முதலில் காலை இழுத்து ஊன்ற வேண்டும், அது நமக்கு முன்னறிவிப்பு. அதனால் யாரையாவது உட்கார வைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி முடியவில்லை. பையன் அந்தப் பக்கம் எழுந்து நின்றது எப்படியோ இவர் கண்ணில் பட்டுவிட்டது. காலை இழுத்து ஊன்றுவதைப் பார்த்தேன். எழுந்தவர் குறுக்கே நின்ற என்னைத் தோளில் கைவைத்துத் தள்ளினார். நான் விட்டுக்கொடுத்துத் திரும்பினேன், அவ்வளவுதான். எதிர்ப்பு இருக்கும் என்று நம்பித் தள்ளிய உடம்பு, எதிர்ப்பு இல்லாததால் முன்னால் சாய்ந்தது. விழாமல் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். "பாத்துண்ணே, தரை ஈரமா இருக்கு." அந்த ஒரு வாக்கியத்தில் அவர் தள்ளியது தடுக்கி விழப் போனதாக மாறிவிட்டது. அவருக்கும் அப்படியே வைத்துக்கொள்ள விருப்பம்தான். சுற்றிலும் இவ்வளவு பேர் பார்க்கிறார்கள், மானத்தோடு உட்கார ஒரு வழி வேண்டாமா? பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

பையன் கழுத்தில் வார் உராய்ந்த சிவப்புக் கோடு இருந்தது. காவல்துறையைக் கூப்பிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். கைப்பேசியில் அடுத்த ஆர்டர் துடித்துக்கொண்டிருந்தது, அறிக்கை எழுத நின்றால் அந்த இரவின் வருமானம் போய்விடும். எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு. நியாயம் கேட்கக்கூட நேரம் வசதியுள்ளவர்களுக்குத்தான் வாய்க்கிறது. கேட்டதை, பார்த்ததை, அவன் வேண்டாம் என்றதை அப்படியே அறிக்கையில் எழுதினேன். முடித்துவிட்டுக் கழிப்பறையில் முகம் கழுவும்போது என் கை நடுங்கியது. பயிற்சியிருந்தால் நடுக்கம் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நடுக்கம் வேலை முடியும்வரை காத்திருக்கும், அவ்வளவுதான்.

நான் திரும்பியதும் அவர் சாய்ந்ததும் ஜூடோவில் முதல் பாடம். கானோ ஜிகோரோ 1882இல் தோக்கியோவில் கோடோகானைத் தொடங்கியபோது வைத்த அடிப்படையே வருகிற பலத்தை எதிர்க்காமல் பயன்படுத்து என்பதுதான். அமெரிக்காவில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து காவலராக மாறிய ஜார்ஜ் தாம்சன் என்பவர், ஜூடோவும் தெரிந்தவர், இதே விஷயத்தைப் பேச்சுக்குக் கொண்டுவந்தார்: வசவுக்குப் பதில் வசவு சொல்லாமல் அதை ஒதுக்கிவிட்டு, கேள், காரணம் சொல், தேர்வு கொடு. எனக்கு அவருடைய முறை பிடிக்கும், ஆனால் அப்படியே இங்கே எடுபடாது. நம் ஊரில் முதலில் முறை வைத்துக் கூப்பிட வேண்டும். அண்ணே, அங்கிள், ஐயா, பாஸ் என்று எதைச் சொல்வது என்பதிலேயே பாதி முடிவாகிவிடும். முப்பது வயதுக்காரரை அங்கிள் என்று கூப்பிட்டுச் சண்டையை வளர்த்தவர்கள் இருக்கிறார்கள். தமிழர் என்று தெரிந்தவுடன் தமிழில் தொடங்குவது எப்போதும் உதவும் என்றும் சொல்ல முடியாது. குடும்பத்தோடு வந்தவர், தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று கூசுவார். அவரிடம் ஆங்கிலத்தில் பேசினால்தான் கௌரவம் மிஞ்சும்.

கைவைக்க வேண்டி வந்த தருணங்கள் குறைவு. அப்போதெல்லாம் உதவியது வீச்சும் இல்லை, குத்தும் இல்லை. விழத் தெரிந்தது உதவியது, பிடியிலிருந்து வெளியே வரத் தெரிந்தது உதவியது, இரண்டு பேர் சேர்ந்து ஒருவரை அடிபடாமல் உட்கார வைக்கத் தெரிந்தது உதவியது. கழுத்தைத் தொடக் கூடாது என்பதில் நான் கறாராக இருப்பேன். ஜூடோவில் கழுத்தை நெரிக்கும் பிடிகளை நானே பலமுறை போட்டிருக்கிறேன், வாங்கியும் இருக்கிறேன். பாயில் தட்டினால் விடுவார்கள். பளிங்குத் தரையில், குடித்திருக்கும் ஒருவர், இதய நோய் இருக்கிறதா என்று தெரியாத ஒருவர், தட்டுவாரா? குப்புறப் படுக்க வைத்து முதுகில் முழங்காலை ஊன்றுவது அதைவிட ஆபத்து. நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுவிடும், போராடுவது எதிர்ப்பதுபோல் தெரியும். 2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாபொலிசில் காவலர் ஒருவரின் முழங்கால் ஜார்ஜ் ஃபிளாய்ட் மேல் 9 நிமிடம் 29 விநாடி இருந்தது, அவர் இறந்துபோனார். மூச்சுவிட முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கள் குழுவில் யாராவது ஒருவரைத் தரையில் பிடிக்க நேர்ந்தால், பிடிக்காமல் நிற்கும் ஒருவர் அவர் முகத்தையும் மூச்சையும் மட்டும் பார்க்க வேண்டும், அடங்கியவுடன் பக்கவாட்டில் திருப்பி உட்கார வைக்க வேண்டும். 999ஐ அழைத்தவரே ஆம்புலன்ஸுக்கான 995 தேவையா என்றும் பார்க்க வேண்டும்.

தற்காப்புக் கலை பேசுபவர்கள் தூக்கத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், வாரத்தில் ஆறு நாள். விடியற்காலை நாலு மணிக்கு எந்தக் கலையும் உடம்பில் இருக்காது, பொறுமையும் இருக்காது. 2021க்கு முன்னால் எங்கள் துறைக்கு மாதம் 95 மணி நேரம்வரை கூடுதல் நேர வேலைக்கு விலக்கு இருந்தது. இப்போது மற்றவர்களைப் போல 72 மணிதான். சம்பளமும் ஏறியிருக்கிறது. 2016இல் படிப்படியாக உயரும் சம்பள முறை வந்தபோது அடிப்படைச் சம்பளம் 1,100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 2024இல் முழுநேர அதிகாரிக்கு மொத்தச் சம்பளம் குறைந்தது 2,650 வெள்ளி என்று ஆனது, வருடம் 220 வெள்ளி ஏறி 2028இல் 3,530 வெள்ளியைத் தொடும். இதையெல்லாம் ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், வீட்டுக் கடனை நினைத்துக்கொண்டு இரண்டாவது ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்த ஒருவர் வாசலில் பொறுமையாகப் பேசுவார் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். என் குழுவில் நடந்த கைகலப்புகளை யோசித்துப் பார்த்தால், பயிற்சி போதாமல் நடந்தவற்றைவிடத் தூக்கம் போதாமல் நடந்தவை அதிகம்.

2022 மே மாதத்திலிருந்து பாதுகாவல் அதிகாரிகளைத் துன்புறுத்துவோருக்கும் தாக்குவோருக்கும் தண்டனை கடுமையாகியிருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் அந்தச் சட்டத்தைக் குடித்தவர் முகத்துக்கு நேராகச் சொல்லிக் காட்டும் பையன்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். "என்னைத் தொட்டா ஜெயிலு" என்பது மிரட்டல்தான், தொட்டுத்தான் பார்ப்போமே என்று தோன்ற வைக்கும் மிரட்டல். சட்டம் வேலை செய்வது மறுநாள், நீங்கள் எழுதிய அறிக்கையின் மேல். அதனால் நோட்டுப் புத்தகம் என் பயிற்சியில் ஒரு பாடம். நேரம், இடம், அவர் சொன்ன சொற்கள் அப்படியே, நீங்கள் எங்கே நின்றீர்கள், கை எங்கே இருந்தது. "ஆக்ரோஷமாக நடந்துகொண்டார்" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். என்ன செய்தார் என்று எழுது, ஆக்ரோஷமா இல்லையா என்பதைப் படிப்பவர் சொல்லட்டும்.

எந்தக் கலையைக் கற்கலாம் என்று கேட்பவர்களுக்கு: இந்த வேலைக்கென்றால் ஜூடோ, அல்லது பிடிப்பதும் விழுவதும் உள்ள வேறு எதுவானாலும் சரி. மலாய்த் தற்காப்புக் கலையான சிலாட் இங்கே நல்ல ஆசான்களிடம் கிடைக்கிறது, காலடி பிரமாதமாக இருக்கும். சிலம்பம் கற்றால் எனக்குச் சந்தோஷம், ஆனால் பலன் தெரிய வருடங்கள் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இரண்டே நாளில் சான்றிதழ் தரும் வகுப்புகளுக்குப் பணம் கட்டாதீர்கள். வாரம் ஒருமுறையாவது, உங்களை உண்மையாகவே கீழே தள்ளப் பார்க்கும் ஒருவரோடு மோதும் வகுப்பாகத் தேடுங்கள். சமூக மன்றங்களில் கட்டணமும் குறைவு.

அப்புறம் காலணி. ஒரு காலத்தில் நான் வேலை பார்த்த இடத்தில் கொடுத்த கறுப்புத் தோல் காலணிக்கு அடிப்பாகம் கண்ணாடி மாதிரி வழுக்கும். மழை நாளில் நுழைவாயில் பளிங்கில் ஓடினால் விழுந்தே தீர வேண்டும், காலடி எல்லாம் அங்கே செல்லாது. சொல்லிப் பார்த்தோம், சீருடை விதி என்றார்கள். பிறகு லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ரப்பர் அடிப்பாகம் போட்ட கறுப்புக் காலணி சொந்தக் காசில் வாங்கிப் போட்டுக்கொண்டேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை. புதிதாகச் சேர்பவர்கள் முதல் சம்பளத்தில் அதை வாங்கிவிடுங்கள்.